பொறுத்தலும் கூறலும்: மினமாட்டா, கொடைக்கானல் பாதரச நிகழ்வுகளில் பெருநிறுவனப் பொறுப்புக்கூறல்

ஆய்வுச் சுருக்கம்

பெருநிறுவனம் ஒன்றால் பாதிக்கப்பட்ட எளிய மக்கள் அதனைப் பதில்சொல்ல வைப்பது எவ்வாறு என்னும் வினாவை, பாதரச மாசு தொடர்பான இரு நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. ஜப்பானின் மினமாட்டா, தமிழ்நாட்டின் கொடைக்கானல் ஆகிய இரண்டிலும் மக்கள் எதிர்கொண்ட முதல் தடை சட்டமின்மை அன்று. நோய்க்கான சான்று நிறுவனத்தின் கையில் இருந்தமையே ஆகும். கிடைத்த தொகை எந்தப் பெயரால் வழங்கப்பட்டது என்பதும் அதற்கு இணையான சிக்கலாக அமைந்தது. சான்றைக் கைப்பற்றும் வழிகளும், தொகைக்கு இடப்பட்ட பெயரின் சட்டப் பொருளும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பொறுப்புக்கூறல், சான்று, பாதரசம், கருணைத்தொகை, இழப்பீடு, மினமாட்டா, கொடைக்கானல்.

முன்னுரை

அதிகாரம் உடைய ஓர் அமைப்பு தன் செயலுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிலையைக் குறிக்கத் தமிழில் ஒரே சொல் இன்னும் நிலைபெறவில்லை. தமிழ்நாட்டு எழுத்துகளில் ‘பொறுப்புடைமை’, ‘பொறுப்பேற்பு’, ‘பதில்சொல்லும் கடமை’ எனப் பலவாறு வழங்குகிறது. இலங்கைத் தமிழ் இதழ்களில், குறிப்பாக 2009இல் போர் முடிந்த பின்னர் எழுந்த ஐக்கிய நாடுகள் அவை சார்ந்த விவாதங்களில், ‘பொறுப்புக்கூறல்’ என்னும் சொல் பெருவழக்குப் பெற்றது. இவற்றுள் பின்னையதே பொருளாழம் மிக்கது எனலாம். பொறு என்னும் வினையடி சுமத்தலையும் தாங்குதலையும் உணர்த்தும்; கூறு என்பது வெளிப்படச் சொல்லுதலை உணர்த்தும். விளைவைச் சுமத்தல், நடந்ததைச் சொல்லுதல் என்னும் இரண்டும் ஒருசேர நிகழ்ந்தால் மட்டுமே அச்சொல் முழுமை பெறுகிறது.

நடைமுறையில் இவ்விரண்டும் பிரிந்தே நிற்கின்றன. நடந்ததை ஒப்புக்கொள்ளாமல் பணம் மட்டும் வழங்குவது சொல்லாமல் சுமப்பதாகும். ஆண்டறிக்கைகளில் அறநெறி பேசிவிட்டு, ஆலையைச் சுற்றியுள்ளோரின் இழப்பை ஏற்காமல் விடுவது சுமக்காமல் சொல்வதாகும். எளிய மக்களின் போராட்டங்கள் பலவும் பிரிந்துகிடக்கும் இவ்விரண்டையும் ஒன்றுசேர்க்கும் முயற்சிகளே. அம்முயற்சி எங்குத் தடைப்படுகிறது, எங்கு வழி திறக்கிறது என்பதைக் காணப் பாதரசம் ஏற்ற களமாகும். கண்ணுக்குத் தெரியாமல் உடலில் புகுவதாலும், நோய் வெளிப்படும் காலத்தில் அதன் தடம் உடலில் மறைந்துவிடக்கூடும் என்பதாலும், சான்றுக்கான போராட்டம் இதில் மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது.

இரு நிகழ்வுகளும் வேதியியல் நோக்கில் ஒன்றல்ல. மினமாட்டாவில் மீன்வழி உடலிற் சேர்ந்தது மெத்தில் பாதரசம் என்னும் கரிமச் சேர்மம். கொடைக்கானலில் தொழிலாளர் எதிர்கொண்டது தனிமப் பாதரசத்தின் ஆவி. அது மூச்சுவழிச் சென்று நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. பாதிப்பின் அளவிலும் இரண்டும் ஒப்பிடத்தக்கன அல்ல. சான்றும் சொல்லும் என்னும் இரு கூறுகளில் மட்டுமே இங்கு ஒப்பீடு செய்யப்படுகிறது.

மினமாட்டா: பூனையும் ஒப்பந்தமும்

ஜப்பானின் தென்பகுதியில் ஷிரானுய் கடலை ஒட்டிய சிற்றூர் மினமாட்டா. அங்குச் சிஸ்ஸோ நிறுவனத்தின் வேதி ஆலை அசெட்டால்டிகைடு தயாரிப்பில் பாதரசத்தை ஊக்கியாகப் பயன்படுத்தி, கழிவுநீரைக் கடலில் விட்டது. மீனவக் குடும்பங்களில் கைகால் நடுக்கம், பார்வைச் சுருக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு ஆகியன தோன்றின. 1956 மே 1 அன்று, காரணம் அறியப்படாத நரம்பு நோய் பரவுவதாக உள்ளூர் நலவாழ்வு நிலையத்திற்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் ஆலையின் சொந்த மருத்துவமனைத் தலைவரான ஹோசோகாவா ஹஜிமே என்பது குறிப்பிடத்தக்கது.

1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வுக்குழு, நோய்க்குக் கரிமப் பாதரசமே காரணம் என்ற முடிவை வெளியிட்டது. நிறுவனத் தரப்பு அதனை மறுத்தது. போர்க்காலத்தில் கடலில் கொட்டப்பட்ட வெடிபொருள்களே காரணம் என்றும், அழுகிய மீனில் உண்டாகும் நச்சுச் சேர்மங்கள் காரணம் என்றும் மாற்றுக் கருத்துகள் தொழில்துறை சார்பில் எழுப்பப்பட்டன. ஒவ்வொரு மாற்றுக் கருத்தும் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை. ஐயத்தை நீட்டித்தாலே போதுமானது என்னும் உத்தி இங்குத் தெளிவாகக் காணப்படுகிறது. இவ்வேளையில் ஹோசோகாவா ஆலைக் கழிவைப் பூனைகளுக்கு உணவோடு கொடுத்துச் சோதனை செய்துவந்தார். 400ஆம் எண்ணிட்ட பூனை 1959 அக்டோபரில் அந்நோயின் குறிகளை வெளிப்படுத்தியது. நிர்வாகம் சோதனையைத் தொடரவிடவில்லை, முடிவும் வெளிவரவில்லை. ஆக, ஊரார் ஐயுற்றதை நிறுவனம் தன் ஆய்வறையிலேயே அறிந்திருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் இரு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தன. ஆலையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் கருவி ஒன்று ஆரவாரத்துடன் தொடங்கிவைக்கப்பட்டது. கரிமப் பாதரசத்தை நீக்கும் நோக்கில் அது வடிவமைக்கப்படவே இல்லை என்பது பின்னரே தெரியவந்தது. நோயுற்றோருடன் ஓர் ஒப்பந்தமும் செய்துகொள்ளப்பட்டது. இறந்தோர்க்கு 3,00,000 யென், நோயுற்ற பெரியவர்க்கு ஆண்டுக்கு 1,00,000 யென், சிறுவர்க்கு ஆண்டுக்கு 30,000 யென் என்பன அதன் தொகைகள். இத்தொகை ‘மிமாய்கின்’ என்று பெயரிடப்பட்டது. நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வோர் கையில் கொடுக்கும் அன்பளிப்பைக் குறிக்கும் சொல் அது. நோய்க்கு ஆலைக் கழிவே காரணம் என்று வருங்காலத்தில் உறுதியானாலும் மேற்கொண்டு இழப்பீடு கோரக்கூடாது என்ற விதியும், ஆலை காரணமன்று என உறுதியானால் தொகை நிறுத்தப்படும் என்ற விதியும் அவ்வொப்பந்தத்தில் இடம்பெற்றிருந்தன. பூனைச் சோதனையின் முடிவை ஒரு தரப்பு அறிந்தும் மறு தரப்பு அறியாமலும் கையொப்பமிட்ட ஆவணம் இது. சொல்லாமல் சுமத்தல் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இதன்பின் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிவு வெளியேற்றம் தொடர்ந்தது. 1968 மே மாதத்தில் பாதரசம் பயன்படும் அத்தயாரிப்பு முறை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பானிய அரசு நோய்க்கு ஆலையே காரணம் என்று அறிவித்தது. காரணம் ஏற்கப்பட்டபோது அதனால் நிறுத்தப்பட வேண்டிய உற்பத்தி எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

பாதிக்கப்பட்டோரில் ஒரு பிரிவினர் 1969இல் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கைத் திருப்பியது 400ஆம் பூனையே. அப்போது புற்றுநோயால் படுத்திருந்த ஹோசோகாவா 1970இல் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே சாட்சியம் அளித்தார். 1973 மார்ச் 20 அன்று வந்த தீர்ப்பு நிறுவனத்தின் கவனமின்மையை உறுதிசெய்தது; 1959ஆம் ஆண்டு ஒப்பந்தம் பொது ஒழுக்கத்திற்கு முரணானது, ஆகவே செல்லாது என்றும் அறிவித்தது. 1.6 கோடி யென் முதல் 1.8 கோடி யென் வரை இழப்பீடு விதிக்கப்பட்டது. நலம் விசாரிப்புத் தொகை இழப்பீடாக மாற ஒரு சாட்சியமும் பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலமும் தேவைப்பட்டன.

வழக்கு ஒருபுறம் நடக்க, நிறுவனத்தின் உள்ளே நுழையும் வேறொரு வழியையும் மக்கள் கண்டனர். நிறுவனத்தின் பங்குகளை ஆளுக்கு ஒன்றாக வாங்கி, பங்குதாரர் என்னும் உரிமையில் 1970 நவம்பரில் ஒசாகாவில் நடந்த பொதுக்கூட்டத்திற்குச் சென்றனர். பௌத்தத் திருத்தல யாத்திரிகர் அணியும் வெள்ளுடை அணிந்து, யாத்திரைப் பாடல்களை இசைத்தவாறு அவர்கள் அரங்கில் அமர்ந்தனர். நிறுவனத் தலைவரை நேருக்குநேர் கேள்வி கேட்டனர். சுச்சிமோட்டோ நொரியாக்கியின் ஆவணப்படம் அக்காட்சியைப் பதிவு செய்துள்ளது. கவமோட்டோ தெருவோ தலைமையில் மற்றொரு பிரிவினர் 1971 இறுதி முதல் டோக்கியோ தலைமையகத்தில் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக அமர்ந்திருந்து நேர்ப்பேச்சு கோரினர். தீர்ப்பு வழக்குத் தொடுத்தவர்களை மட்டுமே சேரும். அதன் பயன் பிறருக்கும் பரவ வழிசெய்த 1973 ஜூலை ஒப்பந்தம் இந்த நேர்ப்பேச்சின் விளைவே. நீதிமன்றம் மட்டுமோ போராட்டம் மட்டுமோ இதனைச் சாதித்ததாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

கொடைக்கானல்: காயலான் கடையில் கிடைத்த கண்ணாடி

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள வாட்டர்டவுனில் இயங்கிவந்த வெப்பமானித் தொழிற்சாலையைச் சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு மாற்றியது. 1987இல் அந்நிறுவனம் யூனிலீவர் வசமாயிற்று. 1998இல் பாண்ட்ஸ் இந்தியா நிறுவனம் இந்துஸ்தான் லீவருடன் இணைக்கப்பட்டது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. வெப்பமானிகள் வெளிநாட்டிற்குச் சென்றன. ஆலை அமைந்த மேட்டுநிலம் பாம்பார்ச் சோலையை நோக்கிச் சரிகிறது. அச்சோலையின் நீர் கும்பக்கரை வழியே இறங்கி வைகைப் படுகையைச் சேர்கிறது.

2001 மார்ச்சில் ஊரார் கண்டது மிக எளிய ஒன்று. மூஞ்சிக்கல் பகுதியில், மக்கள் வழக்கில் காயலான் கடை எனப்படும் பழைய பொருள் கடையில் உடைந்த வெப்பமானிக் கண்ணாடிகள் சாக்குகளில் கிடந்தன; அவற்றில் பாதரசம் ஒட்டியிருந்தது. பழனிமலைப் பாதுகாப்புக் கழகமும் கிரீன்பீஸ் அமைப்பும் இதனை வெளிப்படுத்தின. நகர மக்கள் ஆலை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். நிறுவனம் தன் நடைமுறை விதிகளுக்கு மாறாகக் கண்ணாடிக் கழிவு விற்கப்பட்டதை ஏற்று ஆலையை மூடியது. கடையிலிருந்து 7.4 டன் கழிவு மீட்கப்பட்டது. 2003 மே மாதத்தில் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடி வழியாகப் பென்சில்வேனியாவிலுள்ள மீட்பாலைக்கு அனுப்பப்பட்டது. ஒரு வளரும் நாட்டிலிருந்து நச்சுக்கழிவு செல்வநாடொன்றுக்குத் திருப்பி அனுப்பப்பட்டமை அரிய நிகழ்வு.

இவ்வளவும் விரைவில் நடந்தமைக்குக் காரணம் உண்டு. கண்ணாடி பொதுவெளியில் கிடந்தது. எவரும் பார்க்கலாம், எடை போடலாம், படம் எடுக்கலாம். சான்று மக்கள் கைக்கு வந்துவிட்டது. தொழிலாளர் உடல்நலம் பற்றிய வினாவோ அவ்வாறு அமையவில்லை. ஆலையில் பணியாற்றியோர் நடுக்கம், ஈறு நோய், மறதி, சிறுநீரகக் கோளாறு, கருச்சிதைவு முதலியவற்றைப் பற்றிச் சொல்லிவந்தனர். பாதரசத்தின் தீங்கு தங்களுக்கு உரியவாறு உணர்த்தப்படவில்லை என்றும் கூறினர். நிறுவனமோ பல மருத்துவ ஆய்வுகளைச் சுட்டி, பணியால் உடல்நலக் கேடு எதுவும் நேரவில்லை என்று தொடர்ந்து மறுத்தது.

இங்குப் பாதரசத்தின் இயல்பு சான்றின் இயல்பைத் தீர்மானிக்கிறது. மூச்சுவழிச் சென்ற பாதரசத்தின் அளவு உடலில் ஏறத்தாழ இரண்டு மாதத்திற்கொருமுறை பாதியாகக் குறைகிறது. ஆலை மூடிய சில ஆண்டுகளுக்குப் பின் எடுக்கப்படும் சிறுநீர்ச் சோதனை, பணிக்காலத்தில் இருந்த அளவைக் காட்டாது. ஆனால் நரம்பிலும் சிறுநீரகத்திலும் நேர்ந்த கேடு நிலைத்திருக்கக்கூடும். ஆகவே மெய்யான சான்று பணிக்காலத்தில் எடுக்கப்பட்ட சோதனைப் பதிவுகளில்தான் இருக்கிறது. அப்பதிவுகளை வைத்திருப்பது நிறுவனம்.

முன்னாள் தொழிலாளர் சங்கம் 2006இல் மருத்துவக் கண்காணிப்பும் மறுவாழ்வும் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு, நோய்களைப் பாதரசத்தோடு தொடர்புபடுத்தப் போதிய சான்று இல்லை என்றது. பின்னர் நடுவண் தொழிலாளர் அமைச்சகம் 2011இல் அளித்த அறிக்கை, தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளும் பாதிக்கப்பட்டமைக்கு முதல்நோக்கிலேயே சான்று உண்டு என்றது. ஒரே மக்கள், ஒரே ஆலை, எதிரெதிர் முடிவுகள். ‘சான்று இல்லை’ என்னும் தொடர், ‘பாதிப்பு இல்லை’ என்ற பொருளில் வாசிக்கப்படும்போது என்ன நேரும் என்பதை இவ்விரு அறிக்கைகளும் சேர்ந்து காட்டுகின்றன.

சான்று எவர் கையில்

தமிழ் மரபில் அதிகாரத்தைக் கேள்வி கேட்டவள் என்றவுடன் நினைவுக்கு வருபவள் கண்ணகி. அவளது துணிவும் சினமும் பெரிதும் பேசப்பட்டுள்ளன. வழக்கின் நடைமுறை அந்த அளவு கவனிக்கப்படவில்லை. கண்ணகியிடம் இருந்தது ஒற்றைச் சிலம்பு. தீர்ப்பை மாற்றக்கூடிய மற்றொரு சிலம்பு அரசன் வசம் இருந்தது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொன்னதும், தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என ஏற்று, கைப்பற்றிய சிலம்பைப் பாண்டியன் தானே வரவழைத்து அவள்முன் வைக்கிறான். எதிர்த்தரப்பு தன் கையிலுள்ள சான்றை மறைக்காமல் முன்வைத்ததால்தான் அவ்வழக்கு ஒரே நாளில் முடிந்தது. இக்காலப் பெருநிறுவனங்களுக்கு எதிரான வழக்குகள் பல்லாண்டு நீள்வதற்குச் சிலம்பு வரவழைக்கப்படாமையே முதன்மைக் காரணம்.

அதனை வரவழைக்கும் கருவிகள் இந்தியச் சட்டத்தில் இல்லாமலில்லை. போபால் பேரழிவிற்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் 1948இல் தனி இயல் ஒன்று சேர்க்கப்பட்டது. அதன் 41பி பிரிவு, ஆலையின் தீங்குகளைத் தொழிலாளர்க்கும் உள்ளாட்சிக்கும் சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்கும் வெளிப்படுத்த வேண்டும் என்றது. 41சி பிரிவு, நச்சுப்பொருளுக்கு ஆட்படும் தொழிலாளரின் நலப்பதிவேடுகளைப் பேணவும், அவற்றைத் தொழிலாளர் பார்க்க இடமளிக்கவும் பணித்தது. பாதரச நச்சேற்றம் அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கத்தக்க நோயாக இடம்பெற்றது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இன்படி, ஆலைகளுக்கு விதிக்கப்படும் நிபந்தனைகளின் பதிவேட்டை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பேண வேண்டும். தொடர்புடைய எவரும் அதனைப் பார்வையிடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 தனியார் நிறுவனத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆயினும் வேறொரு சட்டத்தின்கீழ் அரசு அலுவலகம் ஒன்று தனியாரிடமிருந்து பெறக்கூடிய தகவலும் அச்சட்டத்தின் ‘தகவல்’ என்னும் வரையறைக்குள் அடங்கும். தொழிற்சாலை ஆய்வாளர் கேட்டுப் பெறத்தக்க பதிவை, அந்த ஆய்வாளர் வழியே குடிமகன் கேட்கலாம் என்பது இதன் பொருள். 10 ரூபாய்க் கட்டணத்தில் திறக்கும் இவ்வழி போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை.

இவ்வுரிமைகளின் குறை அவற்றின் காலத்தில் உள்ளது. நலப்பதிவைப் பார்க்கும் உரிமை பணியில் இருக்கும்போது பயன்தரும். பணியில் இருக்கும்போது அதனைக் கேட்பவர் வேலையை இழக்கும் அச்சத்தில் இருப்பார். ஆலை மூடிய பின் அச்சம் நீங்குகிறது; பதிவைத் தேடிச்செல்ல அலுவலகமும் இல்லாமற்போகிறது.

பன்னாட்டு நிறுவனங்களில் தாய்நிறுவனமும் கிளைநிறுவனமும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு ஆட்கள் என்பது மற்றொரு சிக்கல். இதில் அண்மைக்காலப் பிரித்தானியத் தீர்ப்புகள் இரண்டு கருதத்தக்கவை. ஜாம்பியாவின் சிங்கோலா பகுதி மக்கள் 1,826 பேர், தாமிரச் சுரங்கக் கழிவால் நீர்நிலைகள் கெட்டதாகக் கூறி வேதாந்தா நிறுவனத்தின்மீது இலண்டனில் வழக்குத் தொடுத்தனர். தூத்துக்குடித் தாமிர உருக்காலையின் தாய்க்குழுமமும் இதுவே. அவ்வழக்கை அங்கு விசாரிக்கலாம் என 2019 ஏப்ரலில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அனுமதித்தபோது, கிளைநிறுவனங்களின் சுற்றுச்சூழல் நடைமுறையைத் தானே மேற்பார்வையிடுவதாகத் தாய்நிறுவனம் வெளியிட்டிருந்த அறிக்கைகளைக் கருத்திற்கொண்டது. நற்பெயருக்காகச் சொன்ன சொல் பொறுப்பிற்கான சான்றாயிற்று. நைஜர் கழிமுக மக்கள் ஷெல் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் நிறுவனத்தின் உள்ஆவணங்கள் வெளிவர வாய்ப்பிருக்கும்போது தொடக்க நிலையிலேயே வழக்கைத் தள்ளுவது பிழை என்றது. இந்தியாவில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022–23 நிதியாண்டு முதல் பொறுப்பு, நீடித்தநிலை பற்றிய அறிக்கையைக் கட்டாயமாக வெளியிடுகின்றன. விளம்பர ஏடாகக் கருதி ஒதுக்காமல், பின்னொரு நாள் சான்றாகக்கூடிய ஆவணமாக அதனைப் படிக்க வேண்டிய தேவை எழுந்துள்ளது.

மொழியும் கேட்போரும்

கொடைக்கானல் தொழிலாளர் பதினைந்து ஆண்டுகள் தமிழில் சொன்னது நிறுவனத் தலைமையின் செவிக்கு எட்டவில்லை. 2015 ஜூலை இறுதியில், சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் பாடல் மெட்டில் ஆங்கிலச் சொல்லிசைப் பாடல் ஒன்றை வெளியிட்டார். இணையத்தில் பல இலட்சம் பேர் அதனைக் கண்டனர். யூனிலீவரின் அன்றைய தலைமைச் செயல் அலுவலர் பால் போல்மன் பொதுவெளியில் பதிலளிக்க நேர்ந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்பாடு எட்டப்பட்டது. பாடல்தான் உடன்பாட்டைத் தந்தது என்பார் உளர். பத்தாண்டு வழக்கும், தொழிலாளர் அமைச்சக அறிக்கையும், சங்கமாகக் கலையாமல் நின்ற தொழிலாளரும் இல்லையெனில் அப்பாடலுக்குச் சொல்வதற்கு எதுவும் இருந்திராது. பாடல் செய்தது கேட்போரை மாற்றியதுதான். திண்டுக்கல் மாவட்டச் சிக்கலாக இருந்தது, பொருள் வாங்குவோரும் முதலீட்டாளரும் பேசும் சிக்கலாயிற்று.

மினமாட்டாவில் இலக்கியம் இதற்கு எதிர்த்திசையில் சென்றது. இஷிமுரே மிச்சிகோ என்னும் இல்லத்தரசி 1969இல் வெளியிட்ட நூல், நோயுற்ற மீனவரின் பேச்சை அவ்வட்டார வழக்கிலேயே எழுதியது. மருத்துவ அறிக்கைகளையும் அதனருகிலேயே வைத்தது. இரு மொழிநடைகளும் ஒரே நூலில் எதிர்நின்றபோது, அறிக்கையின் மொழி எதை விட்டுவிட்டது என்பதை நகர வாசகர் உணர்ந்தனர். கொடைக்கானல் பற்றி இத்தகைய தமிழ்ப் பதிவு பரவலாகவில்லை. தொழிலாளரின் வாய்மொழி வாக்குமூலங்களைத் தொகுத்தல் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியே ஆகும். நாட்டார் வழக்காற்றியலின் களப்பணி முறை அதற்கு முற்றிலும் பொருந்தும்.

சட்ட ஆவணங்களின் மொழியும் இதனோடு தொடர்புடையது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006இன்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திற்கு முன் அறிக்கையின் சுருக்கம் மட்டுமே வட்டார மொழியில் தரப்பட வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை ஆங்கிலத்திலேயே அமைகிறது. கழிவின் அளவும் அது செல்லும் வழியும் அந்தப் பக்கங்களில்தான் உள்ளன. 2020ஆம் ஆண்டு வரைவு அறிவிக்கையை எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் வெளியிட வேண்டும் எனத் தில்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூன் 30 அன்று ஆணையிட்டது. அந்த ஆணை ஒரு வரைவைப் பற்றியது. ஒவ்வோர் ஆலையின் அறிக்கைக்கும் அது விரிவடையவில்லை.

தொகையின் பெயர்

2016 உடன்பாட்டுத் தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. நிறுவனம் அதனை மனிதாபிமான அடிப்படையிலான கருணைத்தொகை என்றே குறித்தது. உடல்நலக் கேடு இல்லை என்னும் தன் நிலைப்பாட்டையும் கைவிடவில்லை. பதினைந்து ஆண்டு காத்திருந்த குடும்பங்களுக்கு அத்தொகை எளிதன்று. அதனை ஏற்றதற்காகத் தொழிலாளரைக் குறைகூறுவது பொருந்தாது. ஆயினும் சொல்லின் நிலை வேறு. ‘கருணை’ கொடுப்போரின் பண்பைச் சுட்டுகிறது. ‘இழப்பீடு’ பெறுவோரின் இழப்பைச் சுட்டுகிறது. முன்னைய சொல்லில் இழப்பு நேர்ந்தது என்பதே இல்லை. மிமாய்கின் என்னும் ஜப்பானியச் சொல்லும் இவ்வகையைச் சேர்ந்ததே. இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. மினமாட்டா ஒப்பந்தம் நீதிமன்றத்தால் பின்னர் உடைக்கப்பட்டது. கொடைக்கானல் உடன்பாடு நீதிமன்றத்தின் முன்னிலையிலேயே வழக்கை முடித்துவைத்தது. அதனால் உடல்நலக் கேட்டிற்குக் காரணம் எது என்பதில் தீர்ப்பு எழவில்லை. வேறோர் ஆலையின் தொழிலாளர் நாளை மேற்கோள் காட்டத்தக்க முன்தீர்ப்பும் உருவாகவில்லை.

வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பாக 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்போடு இதனை ஒப்பிடலாம். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதியே என அது அறிவித்தது. பாதிக்கப்பட்ட உழவர்க்குப் பணம் வந்துசேர்ந்த வேகம் மெச்சத்தக்கதன்று. எனினும் அத்தீர்ப்பின் கொள்கை பிற ஊர்களின் வழக்குகளுக்குத் துணைநின்றது.

இழப்பீட்டிற்குரிய காலவரம்பும் சொல்லத்தக்கது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, தவறு மெய்ப்பிக்கப்படாமலே இழப்பீடு வழங்க இடமளிப்பதால் எளியோர்க்குப் பேருதவி செய்யக்கூடியது. ஆனால் வழக்கிற்கான காரணம் முதன்முதல் எழுந்த நாளிலிருந்து ஐந்தாண்டிற்குள் மனு தரப்பட வேண்டும் என்கிறது. மெல்லப் புகும் நச்சில் அந்த முதல் நாள் எது? ஆவியை மூச்சில் வாங்கிய நாளா, கை நடுங்கத் தொடங்கிய நாளா, நடுக்கத்திற்குப் பாதரசமே காரணம் என மருத்துவர் சொன்ன நாளா? தொழில்நோய்களில் இவ்விடைவெளி ஐந்தாண்டைக் கடப்பது இயல்பு. நோயின் காரணத்தை அறிந்த நாளே தொடக்கநாள் எனச் சட்டத்தில் தெளிவாக எழுதப்படும்வரை, தாமதம் என்பது நிறுவனத்திற்கே பயன்படும்.

கொடைக்கானலில் மண் இன்னும் பேசுபொருளாகவே உள்ளது. ஆலை நிலத்து மண்ணைக் கிலோவிற்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்னும் அளவிற்குத் தூய்மை செய்தால் போதும் என மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. குடியிருப்பு நிலத்திற்குப் பிரித்தானியாவின் வழிகாட்டு அளவு 1 மில்லிகிராம் என்பதைச் சுட்டி, நிறுவனம் தன் தாயகத்தில் கைக்கொள்ளும் அளவையே சோலைக்காட்டின் விளிம்பிலும் கைக்கொள்ள வேண்டும் எனச் சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் வாதிட்டனர். மண்ணை மேலும் அகழ்ந்தால் மரங்களும் சரிவும் கெடும் என்பது நிறுவனத் தரப்பின் மறுமொழி. எந்த அளவு போதும் என்பது அறிவியல் வினாவாகத் தோன்றினாலும், எவருக்குப் போதும் என்னும் வினா அதற்குள் அடங்கியுள்ளது.

மினமாட்டாவின் பெயரைத் தாங்கிய பாதரச உடன்படிக்கை 2013 அக்டோபரில் குமமோட்டோவில் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதனை உறுதிசெய்தது. அதன்படி 2020க்குப் பின் பாதரச வெப்பமானிகளைத் தயாரிப்பதும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதும் நிறுத்தப்பட வேண்டும். கொடைக்கானல் ஆலை செய்த பொருளுக்கே இன்று இடமில்லை. பாதரசம் படிந்த நிலங்களைப் பற்றிப் பேசும் அவ்வுடன்படிக்கையின் 12ஆம் பிரிவோ, அவற்றைக் கண்டறிந்து மதிப்பிடுவதற்கான திட்டங்களை வகுக்க ஒவ்வொரு நாடும் ‘முயல வேண்டும்’ என்று மட்டுமே கூறுகிறது.